கையொப்பமிடாமல் வந்த இரு டொக்டர்கள்

அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மறைத்து வைப்பது நன்றிகேடு. அதனால் எழுதுகிறேன்.

சுனாமி எங்கள் பழைய ஆஸ்பத்திரியைக் கொண்டுபோனது. வெளிநாட்டார் புதியதைக் கட்டித் தந்தார்கள். சத்திரசிகிச்சைக் கூடமும் இருந்தது. அதில் வேலை செய்ய டொக்டர்தான் இல்லை. உள்நாட்டுச் சண்டை முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அதன் பிறகும் ஒரு உதவி வைத்தியரும் இரண்டு தாதிமாரும் கூடத்தைத் துடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். சுகாதாரப் பணிமனையில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்ற நான் மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதினேன். தொழுது துஆவும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், கடிதத்தில்தான் நம்பிக்கை கூடுதலாக இருந்தது.

ஒரு மாரியில் நியமனம் வந்தது. இருவரும் கணவன் மனைவி, சிங்களவர். மனைவி பிரசவம் பார்ப்பவர், கணவர் மயக்கமருந்து கொடுப்பவர். முறைப்படி அவர்கள் முதலில் கல்முனைப் பணிமனையில் கையொப்பமிட்டுக் கடமையேற்க வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி. எங்கள் ஆஸ்பத்திரிக் குழுவுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? கல்முனை பஸ் நிலையத்துக்கே வேன் கொண்டுபோய், இருவரையும் நேராக ஊருக்கு ஏற்றிவந்து விட்டார்கள். மறுநாள் காலை பாடசாலை மண்டபத்தில் வரவேற்பு, பொன்னாடை, மாலை, ஏழெட்டுப் பேச்சு என்று ஏற்பாடு. பேச்சாளர்களில் என் பெயரும் இருந்தது. இது விதிமீறல், வரமாட்டேன் என்றேன். எதற்கும் அரசாங்கச் சுற்றறிக்கையைக் காட்டுவதால் ஊரில் என்னைச் 'சுற்றுநிருபம்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழுத் தலைவர் அன்று முகத்துக்கு நேரேயே சொன்னார்.

"சுற்றுநிருபக் காக்கா, டொக்டர்மார் வந்ததுக்குச் சந்தோசப்பட ஒரு படிவம் இரிக்கா?"

இரவெல்லாம் மழை. விடிந்தபோது கல்முனை வீதி தண்ணீருக்குள். மாவடிப்பள்ளியில் தாழ்வான தாம்போதிப் பாதைக்கு மேலாலும் வெள்ளம் பாய்ந்ததால் அம்பாறைப் பெரியாஸ்பத்திரிக்கும் வழியில்லை. அப்போதுதான் என் மகள் பஸ்மியாவுக்கு நோவு கண்டது. நாளுக்கு முந்தி. முதல் பிள்ளை வயிற்றைக் கீறி எடுத்தது. பழைய தையலடியில் தாங்கமுடியாத வலி என்றாள். பிறகு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்பியூலன்ஸ் தண்ணீர் வரை போய்த் திரும்பி வந்தது. உதவி வைத்தியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, உடனே கீறவேண்டும், தன்னால் ஏலாது என்றார்.

"வாப்பா, என்னய உட்டுட்டுப் போகாதீங்க" என்றாள் மகள்.

போனேன். மழையில் வரவேற்பு மண்டபத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் ஓதத் தெரிந்த எதுவும் நாவில் வரவில்லை. யா அல்லாஹ், என்ட புள்ள, என்ட புள்ள என்பதுதான் வந்தது.

மண்டபத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நேரே மேடையில் ஏறினேன். பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து மைக்கை நீட்டினார். தள்ளிவிட்டு, தெரிந்த சிங்களத்தில் அந்த டொக்டர் அம்மாவிடம் விடயத்தைச் சொன்னேன். கணவர் தயங்கினார். தாங்கள் இன்னும் கடமையேற்கவில்லை, ஏதும் நடந்தால் பதில் சொல்ல யார் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அந்த மண்டபத்தில் அது எவ்வளவு சரி என்று என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

டொக்டர் அம்மா கழுத்து மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். அரைகுறைத் தமிழில் ஒன்று மட்டும் கேட்டார்.

"மகள் எங்க?"

கணவர் அவரைப் பார்த்தார். பிறகு அவரும் எழும்பினார்.

தலைவர்தான் வேனை ஓட்டினார். கூடத்தின் கதவு மூடியது. என் மனைவி நிலத்தில் நெற்றியை வைத்தவள் எழும்பவேயில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அழுத சத்தம் வந்தது. பேத்தி. ஆனால் மகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தை எழுத எனக்குத் தெரியாது. கடைசியில் டொக்டர் அம்மா வெளியே வந்து, தாயும் சுகம் என்றார். தையல் பிரியத் தொடங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று ளுஹர் தொழுதுவிட்டு இருந்தபோதுதான் உறைத்தது. நான் சொன்ன முறைப்படி நடந்திருந்தால் அந்த இருவரும் முதல்நாள் கல்முனையில் தங்கி, வெள்ளத்துக்கு அப்பால் நின்றிருப்பார்கள். வருடக்கணக்காக நான் கேட்ட டொக்டர்மாரை, நான் எதிர்த்த வழியாலேயே, தண்ணீர் மூடுவதற்கு முதல் அல்லாஹ் இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தான்.

வெள்ளம் வடிந்தபின் அவர்களைக் கல்முனைக்குக் கூட்டிப்போய்க் கையொப்பமிட வைத்தது நான்தான். விதியை இன்றும் மதிக்கிறேன். இப்போது துஆவுக்குப் பிறகுதான் பேனை எடுக்கிறேன்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். மனம் விட்டுக் கேளுங்கள். எந்த வழியால் அனுப்பவேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.