பட்டாசல் சுவரில் ஒரு முக்கோணம்

சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் சுந்தரபாண்டியபுரத்துக்குச் சினிமாக்காரர்கள் வருவார்கள். வயலில் ஆடுவார்கள், போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வந்தது ஒரே தடவை. அது போதும்.

கதாநாயகன் ஏழைப் பையன், கணக்கில் புலி. நோட்டு வாங்க வழியில்லாமல் வீட்டுச் சுவரில் கரியால் கணக்குப் போடுகிறான். அதற்கு ஒரு பழைய சுவர் வேண்டும் என்று மேனேஜர் வந்து எங்கள் பட்டாசலைப் பார்த்தார். வாசலைத் தாண்டியதும் இருக்கிற கூடத்தைத்தான் பட்டாசல் என்போம். சுவரைத் தட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு தாடிக்காரர் வந்து போனைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வாசலில் நுழைந்தால் நேரே கண்ணில் படுகிற சுவர். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு முக்கோணம். அதன் மூன்று பக்கத்திலும் ஒட்டினாற்போல மூன்று கட்டம். எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் ஓரமெல்லாம் எழுத்தும் எண்ணும். அத்தனையும் கறுப்பு.

என் மகள் கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"சார், இங்கன செங்கோணம்னு குறி போட்டிருக்கீங்க. இது செங்கோணம் இல்லையே. சாஞ்சு கெடக்கு."

"மேடம், ஹீரோ முன்னாடி நிப்பாரு. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்."

"நீங்க ஹீரோவைப் பாருங்க."

அன்றைக்குச் சோறு தின்னும்போதும் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள்தான் எடுத்தார்கள். மீதியைத் திரும்ப வந்து எடுப்பார்களாம். போகும்போது மேனேஜர் சொன்னார். "சுவர்ல கை வைக்காதீங்கம்மா. ஒரு கோடு மாறினாலும் கன்டினியூட்டி போயிடும்."

போனவர்கள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நான் அந்தச் சுவரோடு குடித்தனம் பண்ணினேன். ஒட்டடை அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாராம். பால்காரர் படியேறுவதை நிறுத்திவிட்டார், தெருவிலிருந்தே சொம்பை வாங்கினார். கேட்டதற்கு முழங்கால் வலி என்றார்.

ஆனி மாதம் சாரல் தொடங்கியபோது இலத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை போலீஸ். மகள் எத்தனையோ வரனைத் தட்டிவிட்டவள். இவரிடம் மட்டும் போனில் பேசிவிட்டுச் சரி என்றிருந்தாள். இது அமைய வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

"அழிச்சிருவோம்" என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டேன்ட்டி" என்றார்.

பெட்ஷீட்டை ஆணியில் மாட்டிச் சுவரை மறைத்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்து, கேசரித் தட்டைக் கையில் வாங்கிய நேரம், வாசல் வழியே காற்று புகுந்தது. பெட்ஷீட் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"மதினி, இது என்ன களம்?"

செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாள மந்திரவாதிகள் தரையில் வரைவதைத்தான் களம் என்பார்கள்.

"சினிமாவுக்குப் போட்டது மதினி."

"சினிமாக்காரன் எப்பப் போனான்?"

"வருசம் ஆகப்போகுது."

"பின்ன ஏன் அழிக்கல?"

"அழிக்கப்பிடாதுன்னுட்டாக."

"அதத்தான் நானும் சொல்லுதேன். போட்டவன் அழிக்க விடமாட்டான்."

மகள் எழுந்து விளக்க ஆரம்பித்தாள். செங்கோணம், கர்ணம், வர்க்கம் என்று போனாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. நான் மகளை உட்காரச் சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்து வந்து அத்தனை பேர் முன்னாலும் சுவரைத் துடைத்தேன். வாக்காவது ஒன்றாவது.

போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். துணியில் தூசிதான் வந்தது. கரி மாதிரித் தெரிவதற்காக எனாமல் பெயிண்டில் வரைந்திருக்கிறான் அந்தத் தாடிக்காரன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாத்தீகளா" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளை மட்டும் ஒரு வாய் கேசரி தின்றார். அம்மா திரும்பிப் பார்த்ததும் அவரும் தட்டை வைத்தார். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அனுப்பவில்லை.

"தப்பாப் போட்ட முக்கோணத்தால கல்யாணம் நிக்குது" என்றாள் மகள். "சரியாப் போட்டு நின்னிருந்தாக்கூட மனசு ஆறும்."

வெள்ளையடிக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் இப்போது வேறு காரணம் சொன்னார்.

"படம் வரட்டும். அவுக கண்ணாலயே பாப்பாக. அதுவரைக்கும் செவரு இருக்கட்டும். அதான் சாட்சி."

எங்கள் வீட்டுக்குத் திரும்ப வராமலே படத்தை முடித்து, தீபாவளிக்கு டிவியில் போட்டார்கள். இலத்தூருக்குப் போன் போட்டு, பாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

எங்கள் சுவர் வந்தது. ஹீரோ கையில் கரித்துண்டோடு நின்றான். கண்ணை மூடினான். முக்கோணம் சுவரைவிட்டுக் கழன்றது. நீல வெளிச்சத்தில் அவன் தலையைச் சுற்றியது. வட்டமும் கட்டமும் பின்னாலேயே வந்தன. எண்ணெல்லாம் பூச்சி மாதிரிப் பறந்தன. அவனுக்குக் கண் திறந்து மேலே சொருகியது, உடம்பு நடுங்கியது. பின்னால் உடுக்கை மாதிரி ஒரு மேளம் வேறு.

என் மகளும் இத்தனை வருசமாகக் கணக்குப் போடுகிறாள். ஒருநாளும் எதுவும் பறந்ததில்லை. பேனா மூடியைக் கடிப்பாள், அவ்வளவுதான்.

படம் முடியுமுன் போன் அடித்தது.

"பாத்தேன் மதினி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "சினிமாவுக்குப் போட்டதுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அது உள்ள எறங்கி ஆடுதே. படம் எடுத்தவனே அப்படித்தான காட்டுதான்."

"அது கம்ப்யூட்டர்ல பண்ணுதது."

"என்னத்துல பண்ணுனா என்ன. எம் மவன் வேற, கெட்டினா அந்தப் பிள்ளையத்தான் கெட்டுவேன்னு நிக்கான். ஒரு கழிப்பு கழிச்சிருங்க, இருக்கது போயிரும். நானே ஆளக் கூட்டிட்டு வாரேன்."

மகளிடம் சொன்னேன். நீளமாகச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"செங்கோணத்துக்குக் கழிப்பா? பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"வேண்டாம்னு சொல்லிரட்டா?"

பேனா மூடியைக் கடித்தாள். "வரட்டும்" என்றாள்.

கார்த்திகையில் வந்தார்கள். கூட வந்தவர் புளியரைப் பக்கத்து ஆள். பட்டாசல் தரையைக் கழுவச் சொன்னார். அரிசிமாவும் மஞ்சள்பொடியும் எடுத்தார். முதலில் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் ஒரு வட்டம். வட்டத்துக்குள் முக்கோணம்.

நான் சுவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். யாரிடம் சொல்ல.

முக்கோணத்தின் கடைசிக் கோடு மூலைக்குப் போய்ச் சேராமல் வளைந்தது. மகள் வாயைத் திறந்தாள். தொடையில் கிள்ளினேன். மூடிக்கொண்டாள். அவர் வேட்டியால் கோட்டை அழித்து மறுபடி போட்டார். மறுபடியும் வளைந்தது. மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வலித்தது.

பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவினார். கற்பூரம் காட்டினார். எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டு ஆற்றுக்குக் கொண்டு போனார்.

"கழிஞ்சிட்டு" என்று மாப்பிள்ளையின் அம்மா மூச்சு விட்டார். அப்படியே பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். அவர் தலைக்கு மேலே முக்கோணம், அப்படியே, கறுப்பாக.

"தையில வச்சிருவோமா மதினி?"

"வச்சிருவோம்" என்றேன்.

மகள் காபி கொண்டு வந்து கொடுத்தாள். சுவர்ப் பக்கம் பார்க்காமல், சீனி போதுமா அத்தை என்று கேட்டாள். போதும் என்றார்.