‘ம்’ என்றால் ஆமாமா?

தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தால் முதலில் பேசும் குரல் அவருடையதல்ல. ஆனால் அந்தக் குரல் எதற்குப் பிறகு எதைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். உறவுக்காரர்கள் ‘ஒன்றை அழுத்தவும்’ என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு வாய் கொடுத்த இந்த அம்மாள் வீட்டில் வாயைத் திறப்பது பெரும்பாலும் சாப்பிடத்தான்.

வேலை விளங்காத வேலையல்ல. அழைப்பு வந்ததும் இயந்திரம் வணக்கம் சொல்லி ஒரு கேள்வி கேட்கும். பதிலைப் பொறுத்து ஒரு கிளையில் திரும்பும்; அங்கே இன்னொரு கேள்வி. பொத்தானை அழுத்துகிறவர்களால் தொல்லையில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனி ஒலி உண்டு, இயந்திரம் சட்டென்று கண்டுபிடித்துவிடும். வாயால் சொல்கிறவர்களிடம்தான் வம்பு. இயந்திரம் கேட்டதைத் தனக்குத் தெரிந்த சொற்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடும். மதிப்பெண் குறைந்தால் திரும்பக் கேட்கும். அப்போதும் புரியவில்லையென்றால் பாட்டைப் போட்டுக் காக்கவைத்து, ஒரு மனிதர் தலையில் கட்டிவிடும்.

அவர் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாப்பிடும்போது அவர் பேசுவார். இவர் மனதுக்குள் கிளைகளை வெட்டி ஒட்டிக்கொண்டே ‘ம்’ கொட்டுவார். குடும்பம் நிம்மதியாகத்தான் ஓடியது, மேசையில் ஒரு சாவி வந்து உட்காரும்வரை.

“என்னங்க இது?”

“அண்ணன் வீட்டு மாடிச் சாவி. ஞாயித்துக்கிழமை குடி போறோம்ல.”

“யாரு?”

“யாரா? நல்லா இருக்கே கதை! தினமும் கேட்டேன், தினமும் ‘ம்’னு சொன்னியே!”

ஜன்னலோரத்தில் தனக்கென்று ஒரு மூலை அமைய அவருக்கு இந்த வீட்டில் பல வருடங்கள் பிடித்திருந்தன. மாடிக்குப் போனால் ஜன்னல் இருக்கும். கீழே அண்ணனும் இருப்பார். அன்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு புகார். குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்த பெரியவர் ஒருவரின் இணைப்பையே துண்டித்துவிட்டார்களாம். அந்த அழைப்பின் பதிவை இவர் போட்டுக் கேட்டார். “குழாய் ஒழுகுது, தண்ணிய நிறுத்துங்க,” என்கிறார் பெரியவர். ‘நிறுத்துங்க’ மட்டும் இயந்திரத்தின் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. “இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்க விரும்புகிறீர்களா?”

“ம்... சொல்லும்மா.”

இயந்திரம் நன்றி கூறியது. இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். தண்ணீர்தான் நின்றுபோனது.

‘ம்’மைச் சம்மதப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றார்.

“எடுத்துட்டா பாதிப் பேர் ஆள் கேட்டு வரிசையில நிப்பாங்கம்மா. ‘ம்’னா ஆமாம்தானே?”

“கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம் சார்.”

“எங்க வீட்ல நான் ‘ம்’னு சொன்னதுக்கு ஃப்ரிட்ஜே வந்து இறங்கிடுச்சே.”

“வேணும்னு சொன்னீங்களா?”

மேலாளர் யோசித்தார். “டிவி பாத்துக்கிட்டிருந்தேன்.”

அத்தோடு விவாதம் முடிந்தது. பெரியவர் வீட்டில் சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்தது. ‘ம்’ இனி பதிலல்ல. செய்யப்போவதை இயந்திரம் முழுசாகச் சொல்லி, ஆமாமா இல்லையா என்று கேட்டு, தெளிவாகப் பதில் வந்த பிறகே கை வைக்க வேண்டும்.

அன்று மேசையில் சாவி அப்படியே இருந்தது.

“மாடி விஷயத்தை இன்னொரு தடவை கேளுங்க. முழுசா. கேட்டுட்டுச் சும்மா இருங்க.”

கணவர் தொண்டையைச் செருமினார். “இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு அண்ணன் மாடிக்குப் போறோம். சம்மதமா?” மேலே பேச வந்ததைத் தண்ணீர் குடித்து அடக்கினார்.

“இல்லைங்க. உங்க அண்ணன் நல்லவர்தான். ஆனா எனக்கு இந்த வீடுதான் வேணும். நான் வரல.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த மேசை கேட்டதில்லை. கணவர் சாவியை விரலில் மாட்டிச் சுற்றினார். சுற்றுவது நின்றது.

“ம்.”

“அது ஆமாமா, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தமா?”

“ஆமாம் தாயே, ஆமாம்! போகல. நாளைக்கே சாவியத் திருப்பிக் குடுத்துடறேன். அண்ணன்கிட்ட என்னன்னு சொல்ல?”

“முழுசாச் சொல்லுங்க. அவரும் ‘ம்’னா, திரும்பக் கேளுங்க.”