டிரம்பெட்டுக்கு விட்ட அரை நிமிஷம்

எதையும் திருத்தமாகச் செய்கிற ஆள் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தத் திருத்தத்தைத் தூக்கிக் குப்பையில் போட. அதனால் கெட்டது நான் இல்லை, என்கூட வாசித்தவன்.

பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், முகூர்த்த நாளில் ஆனையூர் பேண்டு செட்டில் சாக்ஸபோன். இதுதான் நான். அவன் டிரம்பெட். கோச்சடையில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். என்னைவிட நாலு வயசு இளையவன், வாய் நிறைய அண்ணே என்பான்.

வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வேனில் திரும்பும்போது அவன்தான் போனில் அந்த ஆல்பத்தைப் போட்டான். கியூபாக்காரர்களின் ஜாஸ். இருபது பேர் ஒரே ஸ்டூடியோ ரூமில் உட்கார்ந்து ஊதித் தள்ளுகிறார்கள். எங்கள் செட்டு ஆட்களே ஒரு மாசம் வேளாவேளைக்கு நல்லாச் சாப்பிட்டு வந்து வாசித்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில் எல்லாரும் டக்கென்று நிறுத்த, ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் தனியாக எழும்பியது. அந்த இடத்தையே அவன் திருப்பித் திருப்பிப் போட, டிரைவர் கடுப்பாகிவிட்டார். நாமும் சொந்தமாக ஒரு ஆல்பம் போடணும், அதில் இந்த மாதிரி ஒரு இடம் எனக்கு வேணும் என்றான். இருபது வருசமாக சினிமாப் பாட்டையே ஊதினவன், வேறென்ன கேட்பான்?

ஆறு மெட்டுப் போட்டேன். மூன்றாவதில் அவனுக்கென்று அரை நிமிஷம் ஒதுக்கினேன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வாசிப்பான். பாவி, எல்லாமே நன்றாக இருக்கும். போனில் பிடித்துப் பார்த்தோம், இரைச்சல்தான் மிஞ்சியது.

ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் போய்க் கேட்டோம். ஸ்டூடியோக்காரர் தன் ரூம் சின்னது, ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போங்கள் என்றார். எல்லாரும் சரி என்றார்கள். நான்தான் வீம்பு பிடித்தேன். கியூபாக்காரன் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிறான், நாம் மட்டும் என்ன குறைச்சல்? ஆடியில் கல்யாணம் கிடையாது, பன்னிரண்டு பேரும் சும்மாதான் இருப்போம், ஒரு ஹாலைப் பிடித்து மொத்தமாக வாசிப்போம் என்று நானே முடிவு கட்டினேன்.

சித்திரையில் அவனுக்கு முன்பல் ஆட ஆரம்பித்தது. டாக்டர் உடனே பிடுங்கணும் என்றுவிட்டார். முன்பல் போனால் உதட்டுக்குப் பிடிமானம் இருக்காது, டிரம்பெட் அம்புட்டுதான். மாத்திரை போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தான். என் பகுதியை மட்டும் முதலில் ரெக்கார்டு பண்ணிவிடுவோம்ணே என்று ரெண்டு தடவை வந்து கேட்டான். வீங்கின முகத்தோடு வந்து நின்றவனிடம், ஆடி வரட்டும் என்றேன். எம்புட்டுத் திமிர் எனக்கு!

ஆனியில் நாலு பல்லைப் பிடுங்கினார்கள். பல்செட்டு கட்டிப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது.

ஆடியில் மற்ற பதினோரு பேரும் ஹாலில் வாசித்தோம். எதிரொலியில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் அந்தச் சின்ன ரூமுக்குத்தான் ஒவ்வொருவராகப் போய் வாசித்துவிட்டு வந்தோம். இதை முதலிலேயே செய்திருந்தால் அவனும் வாசித்திருப்பான். அவனுடைய அரை நிமிஷத்துக்கு ஸ்டூடியோக்காரர் கீபோர்டில் டிரம்பெட் சத்தத்தை வைத்து வாசித்துக் கொடுத்தார். பிசிறில்லாமல் இருந்தது. ஆல்பம் வந்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன். நெட்டில் ஏற்றும்போது டிரம்பெட் என்று எழுதி அவன் பேரைப் போட்டேன். பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு.

போட்டுக் காட்டுவதற்கு நானே அவன் கடைக்குப் போனேன். பல்பு வாங்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டு அந்த மூன்றாவதை முழுசாகக் கேட்டான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

“அந்த எடத்தச் சும்மா விட்ருக்கலாம்லண்ணே” என்றான். காத்திருந்தவருக்குப் பல்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, “பேரையாவது எடுத்துருங்க. நான் வாசிக்கல.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருசமாச்சு. கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த டிரம்பெட்டைத்தான் மெச்சுகிறார்கள். சிலர் அவன் கடைக்கே போய்க் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்களாம். பேரை எடுத்தால், அப்படியானால் வாசித்தது யார் என்று என்னிடம் கேட்பார்கள். நான் இன்னும் எடுக்கவில்லை.