அணைய வேண்டிய விளக்கு

எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மின் குத்தகை அலுவலகத்தில் வேலை செய்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்துறை டிப்ளோமா முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டு வரைபடங்களில் விளக்கு எத்தனை, பிளக் எத்தனை என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் அங்கே தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். தொலைபேசியில் தமிழ்க் குரல் கேட்டால் ரிசீவர் என் மேசைக்கு வந்துவிடும்.

வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு வாரத்துக் கேள்விகள் இவை. விசிறி சுற்றும்போது டக்டக் என்கிறது. கழிவறைத் தொட்டி நிரம்பி வழிகிறது. ஃபியூஸ் போய்விட்டது, அந்த இடத்தில் ஆணி வைத்திருக்கிறோம், பரவாயில்லையா? ஐஸ்பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறது, செருப்புப் போட்டால் ஒன்றும் இல்லை, அதனால் செருப்புப் போட்டுக்கொள்கிறோம். பதில் சொல்லி முடித்ததும் பெரும்பாலும் இன்னொரு கேள்வி வரும்: "அங்க ஆம்பள யாரும் இல்லையாம்மா?" அடுத்த மேசைக்காரரிடம் கொடுப்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ரிசீவர் திரும்பி வரும். முதலில் சொன்னதையே மறுபடி சொல்வேன். இரண்டாம் முறை நம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலை உறவினர் வீடுகளில் நடந்தது. விருந்துக்குக் கூப்பிடுவார்கள். இலையில் சோறு விழுவதற்குள் யாராவது ஒரு சுவிட்சைக் காட்டுவார்கள். நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் போனால் அந்தச் சுவிட்சு அப்படியே இருக்கும். சலித்துப்போய் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் பென்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் சாவி, சீப்பு, சில்லறை, டெஸ்ட் பென் என்று கைப்பையில் ஒரு வரிசை பழகிவிட்டது.

கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உண்மையிலேயே குழந்தையைப் பார்க்கத்தான் போனேன். பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபத்தாறு நாள். பஸ்ஸில் கால் வலிக்க நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அக்கா இளைத்திருந்தாள். பெரியம்மா பூண்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே தன் கவலையைச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குக் காலையிலும் மாலையிலும் சுடுதண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள். அதற்கென்றே பெரியப்பா ஹீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். ஆனால் குளிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை மரத்துப்போகிறது, தோளில் ஊசி குத்துகிறது. பெற்ற உடம்பு, நரம்பு தளர்ந்திருக்கிறது, காற்று உள்ளே இறங்கிவிட்டது. மருந்து உருண்டையை இரண்டாக்கியாயிற்று. தண்ணீரின் சூட்டையும் கூட்டியாயிற்று.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டேன்.

"எப்பல்லாம் குத்துதுக்கா?"

"குளிக்கிறப்பத்தான். பைப்ப மூடப் போனா ரொம்ப. நேத்து கையே விட்டு வரல, அம்மா வந்து புடிச்சு இழுத்தாங்க. அவங்களுக்கும் சுளுக்கிக்கிச்சு."

"காத்துடி. எனக்கும் ஒட்டிக்கிச்சு," என்றார் பெரியம்மா.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனேன். ஹீட்டரைப் போட்டு, தண்ணீரைத் திறந்து, குழாயின் இரும்பில் டெஸ்ட் பென்னை வைத்தேன். அதன் உள்ளே சிவப்பாக எரிந்தது.

ஹீட்டரில் எங்கோ மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. அது மட்டுமே பழுது என்றால் ஆபத்தில்லை. கசிந்த மறுகணம், வாசல் கதவுக்கு மேலே இருக்கிற மெயின் பாக்ஸில் ஒரு விசை தானாக விழுந்து, வீடு முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த விசை இருப்பதே அதற்காகத்தான். இங்கே விழவில்லை. ஹீட்டரை அடைத்துவிட்டு, யாரையும் குளியலறைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி, கூடத்துக்கு வந்தேன்.

பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அன்று விடுமுறை. சாமி மேடைக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்து மெயின் பாக்ஸுக்குக் கீழே போட்டேன்.

"ஏறாதம்மா. நம்ம கூட்டாளி வந்து எல்லாம் பாத்துட்டான்."

"ஒரு பட்டன அமுக்கிப் பாக்குறேன், பெரியப்பா. அவ்ளோதான்."

விசையின் அருகில் அதைச் சோதிக்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் விசை விழுந்து எல்லாம் அணைய வேண்டும். அமுக்கினேன். விசை டக்கென்று விழுந்தது. தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்பு பல்பும் எரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா, அணையல," என்றார் பெரியப்பா. முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மூடியைக் கழற்றினேன். விசையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இரண்டு வயர் துண்டுகள் நேராக இணைத்திருந்தன. மின்சாரம் விசையைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போனது. கசிவைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வயரோ ஹீட்டரிலிருந்து பாக்ஸ்வரை வந்து, எதிலும் மாட்டப்படாமல் தொங்கியது.

நாற்காலியில் நின்றபடியே ஏன் என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். மகள் நோய்நொடி இல்லாமல் பெற்றெழ வேண்டும் என்று பத்துமலையில் வேண்டிக்கொண்டிருக்கிறார். முப்பதாம் நாள் வரை சாமி விளக்கு அணையக்கூடாது. பிரசவமான வீடு, தீட்டு. முப்பது நாளைக்கு அந்த வீட்டில் யாரும் மேடையில் எண்ணெய் விளக்கு ஏற்ற முடியாது. அதனால் வலி எடுத்த அன்றைக்கே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன், பல்பைப் போட்டுவிட்டார். தானாக எரிவதில் தீட்டில்லை. ஆனால் அணைந்தால் மறுபடி போட முடியாது. சுவிட்சை அமுக்குகிற விரலும் விளக்கேற்றுகிற விரல்தான்.

ஹீட்டர் வந்ததும் விசை விழ ஆரம்பித்தது. முதல் தடவை, தீட்டு ஒட்டாத பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியைக் கூப்பிட்டு விசையை ஏற்றச் சொன்னார்கள். இரண்டாம் தடவை ஆன்டி வீட்டில் இல்லை. பொழுது சாயும்வரை மேடை இருட்டாகக் கிடந்தது. அன்று பெரியப்பா சாப்பிடவில்லை. மறுநாள் கூட்டாளியைக் கூட்டி வந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் வயரிங் பார்த்தவர், லைசென்ஸ் கிடையாது. எவ்வளவு கசிந்தாலும் அணையாதபடி செய்து கொடுத்தார்.

நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் அளவுக்குத் தெம்பும் இல்லை. அலுவலகத்தில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். ஹீட்டர் கசிகிறது. கசிந்தால் விழவேண்டிய விசையைக் கட்டிப்போட்டிருக்கிறது. எர்த் வயர் காற்றில் தொங்குகிறது. மின்சாரம் தரைக்குப் போக மிச்சம் இருக்கிற வழி அக்காவின் உடம்பு ஒன்றுதான்.

"அவளுக்கு நரம்புதானே?" என்றார்.

"இல்ல பெரியப்பா. கரண்ட்."

அவர் அக்கா படுத்திருந்த அறையைப் பார்த்தார். பிறகு பல்பைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள்தான்மா இருக்கு. ஹீட்டர மட்டும் கழட்டிடு. முப்பது முடியட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அது நியாயமாகவே பட்டது. ஹீட்டரைக் கழற்றினால் உடனடி ஆபத்து போய்விடும். சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் 'அப்புறம்' என்று சொன்ன வீடுகள் என் நோட்டில் இரண்டு பக்கத்துக்கு இருந்தன.

"மெயின அடைச்சாத்தான் ஹீட்டர் வயரத் தொடவே முடியும். எப்படியும் ஒரு தடவ அணையும். அதோட இதையும் எடுத்துடுறேன்."

உள்ளே இருந்து அக்காதான் சொன்னாள். "அணைக்கட்டும்பா. எனக்கு இனிமே அந்த ரூமுக்குள்ள போகவே பயமா இருக்கு."

பெரியப்பா எழுந்து வாசலைத் தாண்டி, வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு ஆன்டியைக் கூப்பிட்டார்.

மெயின் சுவிட்சை அடைத்தேன். விசிறி மெல்ல நின்றது. பல்பு அணைந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டெஸ்ட் பென்னை வைத்துப் பார்த்துக்கொண்டு இரண்டு வயர் துண்டுகளையும் எடுத்தேன். ஹீட்டர் வயரைப் பிரித்து முனைகளுக்கு டேப் சுற்றினேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே நின்றிருந்த பெரியப்பா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஆன்டி ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். இந்த வீட்டு சாமிக்குத் தன் கைதான் பிடித்திருக்கிறது என்று மலாயில் சிரித்தபடி நாற்காலியில் ஏறி, நான் காட்டிய மாதிரி மெயின் சுவிட்ச், விசை இரண்டையும் மேலே தள்ளினார். பல்பு எரிந்தது. பெரியப்பா உள்ளே வந்து கும்பிட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஆன்டியைப் போகவேண்டாம் என்றேன். பெரியப்பாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன்.

"இப்ப நான் பட்டன அமுக்குவேன். அணையும். அணைஞ்சாத்தான் அக்காவுக்கு நல்லது."

அமுக்கினேன். விசை விழுந்தது. கூடம் இருண்டது. ஆன்டி உடனே ஏற்றிவிட்டார். பெரியப்பா கண்ணை மூடவில்லை.

"எத்தன தடவ இப்படிப் பாக்கணும்?"

"மாசம் ஒரு தடவ."

"ஒவ்வொரு தடவையும் அணையுமா?"

"அணையணும், பெரியப்பா."

புறப்படும்வரை அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. பெரியம்மா பெரிய குண்டானில் தண்ணீர் காய்ச்சினார். நான் இரண்டு வாளி சுமந்து போய்க் குளியலறையில் வைத்தேன். கதவுக்கு வெளியே நின்று, குத்துகிறதா என்று கேட்டேன். அக்கா இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "இல்லடி, இங்கேயே நில்லு," என்றாள். மறுநாள் எங்கள் அலுவலகத்து லைசென்ஸ் வயர்மேன் போய் எர்த் வயரைச் சேர்த்துவிட்டு வந்தார். குழந்தையின் முப்பதாம் நாள் விசேஷத்துக்கு அழைப்பு என் அப்பாவுக்குத்தான் வந்தது. எனக்கென்று தனியாக யாரும் சொல்லவில்லை. நான் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை அலுவலகத்தில் ரிசீவர் என் மேசைக்கு வந்தது. எடுத்து, முதல் கேள்விக்குக் காத்திருந்தேன்.

"அணைஞ்சுது," என்றார் பெரியப்பா. "நானே அமுக்கினேன். நானே போட்டுட்டேன்."

சரி பெரியப்பா என்றேன். பிறகு அவர், குசினியில் பாத்திரம் கழுவுகிற பைப்பு ஒரு வாரமாக ஒழுகுகிறது, துணி சுற்றி வைத்திருக்கிறோம், பரவாயில்லையா என்று கேட்டார். நோட்டை எடுத்தேன்.