பையில் வந்த பூனையும் மரியதாஸ் அண்ணனும்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே நம் பஸ்ஸில் வரும் விமலாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "மரியதாஸ் அண்ணன் போயிட்டாருங்க மேடம்" என்றாள். "எங்க போயிட்டாரு? முழுசா சொல்லு" என்றேன். அவள் அழுதாள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

சுரங்கத்துக்குப் போகும் நம் ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸை ஓட்டிய அண்ணனை, அதில் தினமும் வந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் பஸ் நகராது. உள்ளே நாம் முணுமுணுத்தால், "நாளைக்கு நீங்க ஓடி வருவீங்க, அப்பவும் நிக்கும்" என்பார். அப்படி அதிகம் ஓடி வந்தவள் நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பு, என் பூனை முத்துவுக்கு நான்கு வயது. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் இருந்த கடுவன்களோடெல்லாம் சண்டை போட்டுக் கடிபட்டு வருவான். ஈறு வீங்கி மெலிந்து போனதால் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், எஃப்.ஐ.வி. என்றார், மனிதர்களுக்கு எய்ட்ஸ் தரும் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி என்றார். அதன் பிறகு அவர் சொன்ன எதுவும் அப்போது என் மண்டையில் சரியாக ஏறவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மாடி வீட்டில் போய்ச் சொல்லித் தொலைத்தேன். இரண்டே நாளில் முத்து 'எய்ட்ஸ் பூனை' ஆனான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவது நின்றது.

பூனை வேண்டாமென்றால் எல்லோரும் செய்வதுதான். பையில் போட்டு, வழி தெரியாத தூரத்தில் விட்டுவிடுவது. மைன்ஸ் கேன்டீனுக்குப் பின்னால் மீன் செதிலுக்கு எப்போதும் பூனைகள் சுற்றும். அங்கே விடலாம் என்று முத்துவைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பை கத்தியது.

"பையில என்னங்க மேடம்?" என்றார் அண்ணன். சொன்னேன். இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? முழுசா சொல்லுங்க."

நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நினைவைப் பிழிந்து சொன்னேன். மனிதருக்கு வராது, நாய்க்கும் வராது. பெரும்பாலும் ஒரு பூனை இன்னொன்றை ஆழமாகக் கடித்தால்தான் பரவும். கருத்தடை ஆபரேஷன் செய்து, வெளியே விடாமல் வைத்துப் பார்த்துக்கொண்டால் பல வருடம் நன்றாக இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அப்ப யாருக்குப் பயந்துகினு இத வுடப் போறீங்க? கேன்டீன் பூனைங்களோட சண்ட போட்டு அதுங்களையும் கடிச்சி வைக்கும். வியாதிய எறக்கி வுடறதுக்கா நான் பஸ் ஓட்டுறேன்?"

பையை வாங்கித் தன் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தன் குவார்ட்டர்ஸில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் போனேன். அவர் மனைவி ஜெசிந்தா அக்காவின் அடுப்படியில் முத்து மத்தி மீன் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பி வலையும் குறடுமாக வந்து என் பால்கனியை அடைத்துக் கொடுத்தார். மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "பாதி சேதி பஸ்ஸ வுட வேகமா போவும்மா. மீதிய நான் சொல்றேன், கேட்டுக்குங்க" என்று முத்துவை மடியில் வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த வாரம் பிள்ளைகள் வந்தார்கள்.

போன தை மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியக் கூடாதென்று உறவினர்கள் வராந்தாவில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தார். "டாக்டர் சொன்னத நான் முழுசா கேட்டுகினேன் மேடம். பலாப்பழ சீசனப் பாத்துடுவேன்." பார்த்துவிட்டார். போன வாரம் இரண்டு சுளை சாப்பிட்டாராம்.

அடக்கம் முடிந்ததும் ஜெசிந்தா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முத்து நல்லா இருக்குதா?" என்றார். பத்து வயதாகிறது, இப்போதும் வலைக்குப் பின்னால் வெயில் காய்கிறான் என்றேன்.

எந்தக் கெட்ட சேதி வந்தாலும் "முழுசா சொல்லுங்க" என்று கேட்க அண்ணனிடம் கற்றேன். அதை விடமாட்டேன். அன்று காலை அவரிடம் பூனையையும் என் பயத்தையும் ஒரே பையில் கொடுத்தேன். மாலையில் பூனையை மட்டும்தான் திருப்பித் தந்தார்.