மகளுக்குப் போட்ட பாட்டு

அருள்சாமி அண்ணன் இறந்த செய்தி காலையில் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவள் அவருடைய ஒரே மகள் ரெஜினா. அண்ணனின் படம், அடக்கத் திருப்பலி நேரம், பின்னணியில் ஒரு பாட்டு. பாட்டுக்குக் கீழே ஏதோ ஓர் இசைக்குழுவின் பெயர். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அண்ணன். அதுவும் அவளுக்காகவே போட்டார். அப்போது அது அவளுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரோடு பாடிய பாடகர் குழுவினருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த எரிச்சல் ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நாகல்நகரில் இருக்கும் என் ஒலிப்பதிவுக் கூடத்தில் அண்ணன்தான் கீபோர்டு. மாதா பாட்டு, பழனிப் பாதயாத்திரைப் பாட்டு, எது வந்தாலும் ஒரே பக்தியோடு வாசிப்பார். தேர்தல் பாட்டு முடிந்தால் மட்டும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். "சாமியவே ரெண்டு மூணு வச்சிருக்கோம், தலைவனையும் சேத்துக்க முடியாது தம்பி" என்பார்.

நம் வீடுகளில் கல்யாணப்பெண் கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் செபம் வைத்து, பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது வழக்கம். ரெஜினாவுக்கு நிச்சயமானதும், அந்த நேரத்தில் பாடுவதற்கென்று அண்ணன் ஒரு பாட்டுப் போட்டார். குழுவை வரவழைத்து என் கூடத்தில் பதிவு செய்தோம். வீட்டிலேயே பாடிப் பழகுங்கள் என்று அதன் லிங்கை எல்லோருக்கும் அனுப்பினார். கேட்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது என்ற ஏற்பாட்டை நானே செய்துகொடுத்தேன். "ரெஜினாகிட்ட மட்டும் யாரும் மூச்சு விட்டுறாதீக" என்று கேட்டுக்கொண்டார்.

குழுவில் ஒருவர், பெயரை எழுத மாட்டேன், அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், லிங்கைப் போட்டால் பாட்டைக் கறந்து கொடுக்கிற ஒரு மென்பொருளைப் பிடித்தார். அந்த மென்பொருளின் இணையப் பக்கத்தில் அடியில் 'உரிமையுள்ள பாடல்களை மட்டும் நகலெடுக்கவும்' என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். அந்த ஒரு வரியோடு மென்பொருளைச் செய்து விட்டவனின் பொறுப்பு தீர்ந்தது. நகல், அவருடைய நண்பரான ஒரு சவுண்டு செட்டுக்காரரிடம் போனது. அவர் அதைத் தன் இசைக்குழுவின் பெயரில் இணையத்தில் ஏற்றிவிட்டார்.

லிங்கைக் கறந்தவர் வீட்டுக்கு அண்ணனும் நானும் கேட்கப் போனோம். எடுத்தவர் கொஞ்சமும் கூசவில்லை. "லிங்க் குடுத்தாலே எடுத்துக்கன்னுதானே அர்த்தம்? ஏன், நீங்க அந்தக் காலத்துல ரேடியோப் பாட்டக் கேசட்டுல புடிக்கலையா?" என்றார்.

"புடிச்சேன். வாசிச்சுப் பழகப் புடிச்சேன். போட்டவரு பேர அட்டையில எழுதி வச்சேன். எம்பாட்டுன்னு எவன்கிட்டயாச்சும் சொன்னேனா?" என்றார் அண்ணன். எடுத்தவர் வீட்டுக்குள் திரும்பி டீ போடச் சொன்னார். அண்ணன் அந்த டீயைக் குடித்துவிட்டும் வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அசல் பதிவை அண்ணன் பெயரில் நாங்கள் இணையத்தில் ஏற்றினோம். மறுநாளே அந்த இணையதளத்தார் அதைத் தூக்கிவிட்டார்கள். பாட்டு வேறொருவருக்குச் சொந்தமாம். இன்னொரு முறை செய்தால் கணக்கை முடக்குவார்களாம். முறையிட்டுப் பார்த்தோம். அதே வாசகம் திரும்பி வந்தது. "ஏன் தம்பி, எம்பாட்டுக்கு நான் யாருகிட்டப் போயி அனுமதி வாங்குறது?" என்று அண்ணன் கேட்டார்.

அதற்குப் பின் ரெஜினா நெய்க்காரப்பட்டியில் தோழியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு, நேராகக் கூடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, அங்க ஒரு பாட்டுப் போட்டாங்க. அம்புட்டு நல்லாருக்கு. என் கல்யாணத்துல வீட்டுச் செபத்துக்கு இதயே போடச் சொல்லுங்கப்பா" என்று கைப்பேசியில் ஓடவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் தொடையை அழுத்தினார். "போட்டுருவோம்த்தா" என்றார்.

அவள் போனபின் என்னிடம் சொன்னார். "தனக்குன்னு அப்பன் போட்ட பாட்ட ஊரான் கல்யாணத்துலதான் மொதல்ல கேட்டோம்னு அவளுக்குத் தெரியணுமா? சந்தோசமாக் கேக்குறா. வேணாம் தம்பி, விட்டுரு."

கல்யாணத்துக்கு அந்தச் சவுண்டு செட்டுக்காரரையே கூப்பிட்டார்கள், பெண்ணின் ஆசை என்று. வாசலில் நகல் ஒலித்தது. அதைப் பாடிய நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள். அண்ணன் கேட்டுக்கொண்டதால்தான் நின்றீர்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த லிங்கைக் கறந்தவர் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்ததை என்னால் மன்னிக்க முடியாது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டாரு சித்தப்பா. எனக்குன்னு ஒண்ணு போடலையே" என்றாள்.

அதற்குமேல் அண்ணன் பேச்சைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொல்லி, அசல் பதிவைப் போட்டேன். பாட்டுக்கு முன்னால் அண்ணன் குழுவிடம் பேசுகிற குரல் அதில் இருக்கிறது. நகலில் அதை வெட்டிவிட்டார்கள். "எம்மக ரெஜினாவுக்குப் பாடுறோம். கத்தாதீக, மெல்லப் பாடுங்க."

அந்தப் பதிவை அவளிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் பிரதி இல்லை. அஞ்சலிக் காணொளிக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அவளிடம் போய், வாயைத் திறந்து கேளுங்கள். அண்ணன் ஞாபகமாக நான் வைத்திருப்பது, கேட்டு முடித்ததும் அவள் சொன்னதை மட்டும்தான்.

"கல்யாணத்தன்னைக்கு அந்தச் சவுண்டு செட்டுக்காரருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னேன் சித்தப்பா. அப்பா பக்கத்துலதான் நின்னாரு. நீங்களும் சொல்லுங்கப்பான்னேன். சொன்னாரு."