துப்பாக்கிக்குக் கீழே ஒரு விளக்கு

ஜெர்மனியில் எங்கள் காவல் நிலையத்தில் கைத்துப்பாக்கிகளுக்கு விளக்கு பூட்டுவது என்று முடிவானபோது, எந்த விளக்கு என்று பார்த்துச் சொல்லும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். சுடும் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி என்பது ஒரு காரணம். என் கைகள் சின்னவை என்பது இன்னொரு காரணம். "உன் கைக்குப் பொருந்துகிற விளக்கு எல்லார் கைக்கும் பொருந்தும்" என்றார் ஆயுத அறைக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையில் மூன்று விளக்குகளை வைத்தார். பெரியதுதான் எல்லாவற்றிலும் பிரகாசம். ஆனால் அதைப் பூட்டினால் துப்பாக்கியின் மூக்கு கீழே சாய்ந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அடித்துப் பார்த்தபோது ஒளி திரும்பி வந்து எங்கள் கண்களையே கூசவைத்தது. சின்னது விரல் அளவுதான். அதன் பொத்தானை எட்ட நான் பிடியைத் தளர்த்த வேண்டியிருந்தது. பிடி தளர்ந்தால் குறியும் போய்விடும். நடுவில் இருந்தது குழாயின் நுனியோடு சமமாக நின்றது. தாங்கிப் பிடிக்கும் கையின் கட்டைவிரலை நீட்டினாலே அதன் பொத்தான் அகப்பட்டது. ஒளியும் ஊசிபோலக் குவியாமல் அகலமாக விழுந்தது. எதிரில் நிற்பவரின் முகமும் இரண்டு கைகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. எங்கள் வேலையில் ஆபத்து முகத்தில் இருப்பதில்லை, கைகளில்தான். நான் அதைத்தான் தெரிவு செய்தேன். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சில மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் வாங்கலாம் என்று முடிவானது.

பூட்டுவது பெரிய வேலை இல்லை. தோட்டாக்கூட்டைக் கழற்றி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். குழாய்க்குக் கீழே வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தில் விளக்கைச் சறுக்கி ஏற்றி, குறுக்குக் கட்டை சரியான வெட்டில் உட்கார்ந்ததும் பக்கத் திருகை இறுக்க வேண்டும். திருகின் தலையிலிருந்து உடம்புவரை வெள்ளை மையால் ஒரு கோடு போட்டோம். சுடும் அதிர்ச்சியில் திருகு தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிவிடும். விளக்குப் பூட்டிய துப்பாக்கி பழைய உறைகளுக்குள் நுழையவில்லை. புதிய உறைகள் வந்தபின், தோட்டா இல்லாத துப்பாக்கியை உருவுவதும் செருகுவதுமாகப் பயிற்சி அறையில் பல நாட்கள் போயின.

பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இது தேடுகிற விளக்கு இல்லை. தேடுவதற்குக் கைவிளக்கு இருக்கிறது. துப்பாக்கியை வெளியில் எடுக்க ஏற்கெனவே நியாயம் இருக்கும்போது மட்டும்தான் இது. ஏனென்றால் இதன் ஒளி விழுகிற இடத்தைத் துப்பாக்கியும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்ட்மண்டில் இருக்கும் அப்பாவிடம் போனேன். அப்பா உணவகச் சமையலறைகளில் நின்று முழங்கால் தேய்ந்தபின் வீட்டோடு இருப்பவர். நான் போலிஸில் சேர்ந்ததை அவர் தடுக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் கேட்டதும் இல்லை. அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல, "வேலையிலை என்ன புதினம்?" என்றார்.

"துவக்குக்கு லைற் பூட்டுறம் அப்பா."

"லைற்றோ? அது என்னத்துக்கு?"

"இருட்டுக்கை ஆர் நிக்கினம், கையிலை என்ன வச்சிருக்கினம் எண்டு பாக்க."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அப்ப லைற் அடிக்கிற பக்கம் துவக்கும் நிக்கும்."

"ஓம்."

"அவங்களும் அப்பிடித்தான் அடிச்சவங்கள்" என்றார். அவங்கள் என்று அப்பா சொன்னால், யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகத் தேடி வந்த ராணுவம். நான் ஜெர்மனியில் பிறந்தவள். அந்த வீடுகளை நான் கண்டதில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

இலையுதிர்காலம் முற்றியிருந்த ஒரு பின்னேரம் அந்த அழைப்பு வந்தது. நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறையில் யாரோ இருக்கிறார்கள், கையில் இரும்புக் கம்பி இருக்கிறது என்று அங்கே வசிக்கும் பெண் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கட்டடத்தில் முன்பும் பூட்டு உடைத்திருக்கிறார்கள். என்னோடு வந்தவன் பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஜெர்மன் இளைஞன். படிகளில் இறங்கி ஆளியைத் தட்டினேன். விளக்கு எரியவில்லை. இரண்டு பக்கமும் மரச்சட்டம் அடித்த பொருள் அறைகள், நடுவில் ஒடுங்கிய நடைபாதை. ஈரமும் பழைய எண்ணெயும் கலந்த வாடை.

முதலில் கைவிளக்கோடுதான் போனேன். நடைபாதையின் திருப்பத்துக்கு அப்பால் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு யாரோ விரைவாக நகரும் சத்தம். இருவரும் துப்பாக்கியை எடுத்தோம். நான் கட்டைவிரலை நீட்டினேன்.

ஒளியில் ஒரு மனிதர் முழந்தாளில் இருந்தார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கனத்த கோட். பக்கத்தில் நீளமாக ஏதோ உலோகம் கிடந்தது. "போலிஸ்! கைகளைக் காட்டு!" என்று ஜெர்மன் மொழியில் கத்தினேன். அவர் நான் கத்துவதற்கு முன்பே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்திருந்தார். ஆனால் என் குரல் கேட்டதும் ஒரு கை கீழே இறங்கி, இடுப்புப் பக்கம் போனது.

"கையை எடு! கையை எடு!"

அவர் எடுக்கவில்லை. என் விரல் துப்பாக்கியின் உடம்பிலிருந்து விசைக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளை ஒளியில் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவை எதையும் உருவவில்லை. கோட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. அவர் கோட்டையும் அதற்குள் இருந்த கம்பளிச் சட்டையையும் சேர்த்து நெஞ்சுவரை தூக்கி, வெறும் வயிற்றைக் காட்டினார். வயிற்றில் புதிதாக ஆறிக்கொண்டிருந்த ஒரு தையல். 

"ஒண்டும் கட்டேல்லை ஐயா. ஐசி பொக்கற்றுக்கை இருக்கு. சுடாதேங்கோ ஐயா."

ஐசி என்றால் இலங்கை அடையாள அட்டை. சோதனைச் சாவடிகளில் வெடிகுண்டு கட்டவில்லை என்று காட்ட ஆண்கள் இப்படிச் சட்டையைத் தூக்குவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். என்னோடு வந்தவனுக்கு அது எதுவும் தெரியாது. "என்ன சொல்கிறான்? என்ன சொல்கிறான்?" என்று பக்கத்திலிருந்து கேட்டான். அவனுடைய துப்பாக்கியும் அந்த வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தமிழில் சொன்னேன். "அண்ணை, பயப்பிடாதேங்கோ. கையைத் தலைக்கு மேலை வையுங்கோ. நான் போலிஸ்."

தமிழ் கேட்டால் ஆறுதல் வரும் என்றுதான் நினைத்தேன். விபத்து நடந்த தெருவிலும் மருத்துவமனை வாசலிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு வார்த்தை தமிழில் பேசினால் அம்மாமார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். இவருக்கோ முகம் அப்படியே இறந்துபோனது. என்னை அவரால் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்தது கண்ணைக் குத்தும் வெளிச்சமும் அதற்குப் பின்னாலிருந்து வந்த தமிழும்தான்.

"தங்கச்சி, நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை. எனக்கு ஒருத்தற்றை பேரும் தெரியாது. சத்தியமாய்த் தெரியாது."

அவர் காற்சட்டை நனைவதைக் கண்டேன். என் கூட்டாளி அவருக்குப் பின்னால் போய்க் கைகளைப் பிடித்து, பைகளைச் சோதித்து முடிக்கும்வரை நான் ஒளியை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது. அப்படித்தான் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கீழே கிடந்தது மருத்துவமனையில் கொடுக்கும் அலுமினிய ஊன்றுகோல். அவர் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் முன்பு குடும்பத்தோடு இருந்தவர். குடும்பம் பிரிந்து வீடு கைவிட்டுப் போனபின்னும் நிலவறைச் சாவி அவரிடம் இருந்திருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து அனுப்பியபோது, போக இடம் இல்லை என்று மருத்துவமனையில் சொல்ல வெட்கப்பட்டு, நேராக இங்கே வந்து பழைய மெத்தை ஒன்றில் படுத்திருக்கிறார். இதெல்லாம் மூன்றாம் மாடிக்காரர்களும் மருத்துவமனையிலும் சொல்லிப் பிறகு தெரிந்தது.

மேலே கூட்டிவந்து படிக்கட்டில் உட்கார வைத்தோம். நான் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் குரல்தான் வரும். அவர் குனிந்த தலை நிமிராமல் என் கூட்டாளியிடம் உடைந்த ஜெர்மனில், "மற்றவர் எங்கே? தமிழ் பேசினவர்?" என்று கேட்டார். அவன் கள்ளமில்லாமல் என்னைக் காட்டினான்.

அவர் என் சப்பாத்திலிருந்து மெல்ல நிமிர்ந்து பார்த்தார். இடுப்பு உறை, சட்டை, பிறகு முகம். என் வயதில் அவருக்கு மகள் இருக்கலாம். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். அம்புலன்ஸ் வந்தபோது, கூட ஒருவர் வரவேண்டுமானால் இந்தப் பையன் வரட்டும் என்று அவனைத்தான் காட்டினார்.

சில நாள் கழித்து ஒரு பையில் தோடம்பழங்களும் ஒரு காற்சட்டையும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன், சீருடை இல்லாமல். தாதி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அவர் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றாள். பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் போய் இருந்ததும் சொல்லிவிட்டேன், முழுவதையும். முடிந்தபின் அப்பா கேட்டார், "எந்த ஊர் ஆளாம்?"

"கேக்கேல்லை அப்பா."

"கேக்காதது நல்லது. பிறகு ஆர் பக்கத்து ஆள் எண்டு மனம் தேடச் சொல்லும்." கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் காலநிலை போய்க்கொண்டிருந்தது. "நீ தமிழிலை கதைச்சது பிழையில்லை, பிள்ளை. வேறை என்ன செய்யிறது? ஆனா தமிழ்தான் எங்களை விசாரிச்சது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்திலை ஒரு தமிழன் நிண்டு பேர் கேப்பான்." பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி வைத்தார். எனக்கு முன்னால் கோப்பையை வைக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 

சோதனைக் காலம் முடிந்ததும் விளக்கைப் பற்றிய மதிப்பீட்டை எழுதிக் கேட்டார்கள். நான் உண்மையைத்தான் எழுதினேன். அந்த நிலவறையில் எங்களிடம் இருந்தது பழைய முறை என்றால், ஒரு கையில் மங்கலான விளக்கும் மறு கையில் துப்பாக்கியுமாக நின்றிருந்தால், அவர் இடுப்புக்குக் கை கொண்டுபோன கணத்தில் அந்தக் கை வெறுங்கை என்று எனக்குத் தெரிந்திருக்காது. நான் சுட்டிருப்பேன். நான் தெரிவு செய்த விளக்கு அவரைக் காப்பாற்றியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாங்கலாம் என்று பரிந்துரைத்தேன். இப்போது எங்கள் நிலையத்தில் எல்லோர் இடுப்பிலும் அது இருக்கிறது.

என் நடத்தையில் குறை இல்லை என்று மேலதிகாரி சொன்னார். அதை அவர் என் தோளில் தட்டிச் சொன்னபோது நான் நன்றி சொன்னேன். அன்று பயிற்சி அறைக்குத் திரும்பிப் போகாமல் வாகனத் தரிப்பிடத்தில் மழை விடும்வரை காருக்குள் இருந்தேன். மழை விட்டபின்னும் இருந்தேன்.

குளிர்காலத்தின் கடைசியில், நிலவறையில் இருந்த அந்த மனிதருக்குப் பொறுப்பான சமூகப் பணியாளரோடு வேறொரு விஷயமாகத் தொலைபேசியில் பேச நேர்ந்தது. அவரைப் பற்றிக் கேட்டேன். சொல்லக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடவே அந்தப் பெண் சொன்னாள். முதியோர் இல்லம் ஒன்றில் அறை கிடைத்திருக்கிறதாம். காயம் ஆறிவிட்டதாம். சாப்பிடுகிறாராம். வைத்தியரோடு பேச ஜெர்மன் போதவில்லை என்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்தார்களாம். இவர் வேண்டாம் என்றுவிட்டாராம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம்.

"ஏன் என்று உனக்கு ஏதாவது விளங்குகிறதா? உன் மொழிதானே" என்று கேட்டாள்.

விளங்கவில்லை என்று சொன்னேன்.